சென்னை ஓ.எம்.ஆர் பக்கம் டேகேர் தேடுறவங்களுக்கு: எங்க பையன் போற இடத்தோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், நல்ல இடம், தைரியமா சேர்க்கலாம். 5க்கு 4 கொடுப்பேன், அந்த 1 ஏன் குறையுதுன்னு கீழ எழுதியிருக்கேன். சோழிங்கநல்லூர் சிக்னல்ல இருந்து மேடவாக்கம் போற ரோட்டுல கொஞ்ச தூரம் போய் உள்ள திரும்புற ஒரு தெரு, தனி வீடு, கீழ் போர்ஷன் முழுக்க டேகேர், முன்னாடி கொஞ்சம் மண் தரையும் ஒரு வேப்பமரமும் இருக்கு. குறையும் சேர்த்து எழுதுறதால பேர் போடல. சின்ன அளவுல ஒரு அக்கா நடத்துறாங்க, முன்னாடி ஸ்கூல்ல யூகேஜி மிஸ்ஸா இருந்தவங்க. பேரை விட எதைப் பார்த்து சேர்க்கணும்ங்கறதுதான் உங்களுக்கு உதவும்னு நினைக்கிறேன், ஏன்னா இந்த ரோட்டுல தெருவுக்கு ஒரு டேகேர் போர்டு தொங்குது.

எங்க நிலைமை இங்க இருக்கற பாதி பேரோட நிலைமைதான். ரெண்டு பேரும் ஐடி, ஊர் திருவாரூர் பக்கம், பிரசவத்துக்கு அப்புறம் அம்மா வந்து இருந்தாங்க, ஆனா அங்க அப்பாவுக்கு சுகர், தனியா விட முடியாது, போயிட்டாங்க. மாமியாருக்கு முழங்கால் வலி, ஒன்பதாவது மாடி ஃப்ளாட்ல காலையில இருந்து ராத்திரி வரைக்கும் தவழுற குழந்தையை ஒரே ஆளா பார்க்க முடியாது, அவங்களே அதை வாய் விட்டு சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஊர்ல குழந்தையை ஒரு ஆள் பார்த்துக்கறதே கிடையாது, அத்தை தூக்கிட்டு போவாங்க, எதிர்வீட்டு பாட்டி ஒரு வாய் ஊட்டுவாங்க, பெரிய பசங்க இடுப்புல வச்சிட்டு சுத்துவாங்க. இங்க கதவை சாத்தினா ஒரு குழந்தை, ஒரு பெரியவங்க, ஒரு டிவி, அவ்வளவுதான். பாட்டிங்க குழந்தையை சரியா பார்க்கலன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரும், பத்து பேர் பார்த்த வேலையை ஒருத்தர் தலையில கட்டிட்டு அவங்களையே குறை சொன்னா எப்படி?

26 வாரம் பிரசவ லீவு முடிஞ்சதும் சேர்த்துட்டோம். 2017ல மகப்பேறு சட்டத்தை திருத்தினப்போ லீவை 12 வாரத்துல இருந்து 26 ஆக்கினாங்க, கூடவே 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கற இடத்துல குழந்தை காப்பகம் இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய் குழந்தையை பார்க்கலாம்னும் வச்சாங்க. கேக்க நல்லா இருக்கு. ஆனா நிறைய கம்பெனி செய்யறது என்னன்னா எங்கயோ ஒரு டேகேரோட டை-அப் போட்டுட்டு முடிச்சிடுறாங்க, அது ஆஃபீஸ்ல இருந்து அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், மெட்ரோ வேலை நடக்கற ஓ.எம்.ஆர்ல அந்த அஞ்சு கிலோமீட்டர் போயிட்டு வரவே மதியம் ஆயிடும், 4 தடவை போலாம்னு சட்டம் சொல்லி என்ன ஆகப்போகுது. பால் கொடுக்கற அம்மாக்கு காப்பகம் அதே பில்டிங்ல, இல்லன்னா நடந்து போற தூரத்துல இருக்கணும். இந்த டேகேர் எங்க ஆஃபீஸ்ல இருந்து ஸ்கூட்டில பத்து நிமிஷத்துக்குள்ள இருக்கு, நான் இதை எடுத்ததுக்கு முதல் காரணமே அதுதான், நீங்களும் வீட்டுக்கு பக்கத்துலங்கறதை விட ஆஃபீஸுக்கு பக்கத்துல இருக்கான்னு முதல்ல பாருங்க, காய்ச்சல்னு ஃபோன் வந்தா ஓட வேண்டியது ஆஃபீஸ்ல இருந்துதான்.

ஆரம்பத்துல எடுத்து வச்ச தாய்ப்பாலைத்தான் கொடுத்து விட்டேன். அதை அவங்க ஹேண்டில் பண்ண விதத்துலதான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. பாட்டில்ல பேரும் எடுத்த நேரமும் எழுதி ஒட்டணும், போனதும் ஃப்ரிட்ஜ் உள் பக்கம் வைப்பாங்க, கதவு தட்டுல வைக்க மாட்டாங்க, கொடுக்கும்போது வெந்நீர் கிண்ணத்துல பாட்டிலை நிறுத்தி சூடு பண்ணுவாங்க, மைக்ரோவேவ் பக்கமே போறதில்ல, குழந்தை குடிச்சு மிச்சம் வச்சதை திரும்ப எடுத்து வைக்கறதும் இல்ல. நான் முதல் நாள் இதெல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன், அங்க இருக்கற பெரிய ஆயாம்மா "அதெல்லாம் தெரியும் கண்ணு, நீ போய் வேலையைப் பாரு" அப்படின்னாங்க. பவுடர் பாலுக்கு மாத்திடுங்கன்னு ஒரு தடவை கூட சொல்லல. நாங்க போய் பார்த்த வேற ஒரு இடத்துல (பெரிய போர்டு, சுவர் ஃபுல்லா கார்ட்டூன்) தாய்ப்பால்லாம் எங்களுக்கு மெயின்டெய்ன் பண்ண முடியாது மேடம், ஃபார்முலா கொடுத்து விடுங்கன்னு நேராவே சொன்னாங்க, அங்கேயே திரும்பி வந்துட்டோம்.

இப்ப உடம்பு விஷயம். டேகேர் சேர்த்த முதல் வருஷம் சளி வரும், அதுக்கு தயாரா இருங்க. எங்க டாக்டர் சொன்னது வருஷத்துக்கு எட்டு பத்து தடவை சளி பிடிக்கறது இந்த வயசுல சாதாரணம், பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாடிக் கேக்காதீங்க, மூச்சு வாங்குதா, பால் குடிக்குதா, யூரின் போகுதா இதைத்தான் பார்க்கணும்னு. ஆனா எத்தனை தடவை வரும்ங்கறது டேகேர் நடத்தற விதத்துல நிறைய மாறும். இங்க ரூம்ல ஏசி கிடையாது, ஜன்னல் திறந்து கொசுவலை அடிச்சிருக்காங்க, ஃபேன் ஓடும். சேர்க்கும்போது எங்க வீட்டுக்காரர் கூட "என்ன ஏசி இல்லையா"ன்னு யோசிச்சார், ஆனா பதினஞ்சு குழந்தைங்க மூடின ரூம்ல ஒரே காத்தை நாள் ஃபுல்லா சுவாசிச்சா ஒருத்தனோட சளி சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் போயிடும், காத்தோட்டம்தான் முக்கியம். மே மாசம் வெந்து போறது உண்மைதான், அப்போ மட்டும் கூலர் வைக்கறாங்க. கொசுவலை ரொம்ப முக்கியம், டெங்கு கொசு பகல்லதான் கடிக்கும், அது முட்டை வைக்கறதும் நல்ல தண்ணியில, பால்கனி தொட்டித் தட்டுலயும் மூடாத ட்ரம்லயும். இந்த ஏரியா ஃபுல்லா லாரி தண்ணி, எல்லா வீட்லயும் சம்ப்பும் ட்ரம்முமா இருக்கும், அதனால டேகேர் பார்க்கப் போனா மொட்டை மாடிக்கும் பின்பக்கத்துக்கும் போய் தண்ணி தேங்கியிருக்கான்னு பார்த்துட்டு வாங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

டயப்பர் மாத்தற இடம் தனி, சாப்பாடு ஊட்டற இடம் தனி, நடுவுல ஒரு வாஷ்பேசின், ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டு கை கழுவுறாங்க, இதை நான் சொல்லாம கொள்ளாம போனப்பவும் பார்த்திருக்கேன். சில இடத்துல சானிடைசர் பாட்டிலை தொங்க விட்டுட்டு அதுவே சுத்தம்னு காட்டுவாங்க. ஹேண்ட் ஃபுட் மவுத் வியாதி கேள்விப்பட்டிருப்பீங்க, கை, கால், வாய்ல கொப்புளம் வந்து குழந்தை எச்சில் கூட முழுங்க முடியாம அழும், அந்த வைரஸுக்கு சானிடைசர் அவ்வளவா வேலை செய்யாது, சோப்பும் தண்ணியும்தான் வேலை செய்யும், கொப்புளம் ஆறின அப்புறமும் வாரக்கணக்குல மலத்துல வந்துட்டே இருக்கும், அதனாலதான் டயப்பர் மாத்தற கையைப் பத்தி இவ்வளவு எழுதுறேன்.

இங்கதான் அந்த 1 மார்க் போச்சு. போன மழை சீசன்ல ஒரு குழந்தைக்கு ஹேண்ட் ஃபுட் மவுத் வந்தது அவங்களுக்கு முதல் நாளே தெரியும், எங்களுக்கு வாட்ஸப்ல சொன்னது மறுநாள் ராத்திரி. அதுக்குள்ள எங்க பையனுக்கும் கூட விளையாடற பொண்ணுக்கும் வந்துடுச்சு. உடனே சொல்லியிருந்தா வராம இருந்திருக்கும்னு நான் சொல்லல, ஆனா நாங்க ஒரு நாள் வீட்ல வச்சுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ற உரிமை எங்களுக்கு இருக்கு இல்லையா. அக்காகிட்ட கேட்டேன், "எல்லாரும் பயந்து நிறுத்திடுவாங்கன்னு டாக்டர் கன்ஃபர்ம் பண்ற வரைக்கும் பார்த்தேன்மா"ன்னு சொன்னாங்க. அவங்க பயம் எனக்கு புரியுது, அப்பவும் அது சரியில்ல. அதுக்கப்புறம் சந்தேகம்னாலே அன்னிக்கே மெசேஜ் போட்டுடுறாங்க.

காய்ச்சல் ரூல் கண்டிப்பா இருக்கு. மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருந்தாத்தான் கூட்டிட்டு வரணும். இதுக்கு பேரன்ட்ஸ் க்ரூப்ல பெரிய சண்டையே நடந்துச்சு. நிறைய வீட்ல நடக்கறது இதுதான், காலையில லேசா சூடு இருக்கும், பாராசிட்டமால் சிரப் கொடுத்து 8 மணிக்கு விட்டுட்டு போயிடுவாங்க, அதோட வேலை 4, 6 மணி நேரம்தான், மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு சரியா காய்ச்சல் ஏறும், டேகேர்ல இருந்து ஃபோன் வரும், அம்மா மீட்டிங்ல இருப்பாங்க, அப்பாவுக்கு ஃபோன் போகவே போகாது. அந்த பேரன்ட்ஸை கெட்டவங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல, ரிலீஸ் வாரத்துல குழந்தைக்கு காய்ச்சல்னு லீவு கேட்டா மேனேஜர் மூஞ்சி எப்படி மாறும்னு எனக்கும் தெரியும். ஆனா நடுவுல மாட்டறது குழந்தை. உடம்பு முடியாத பிள்ளை அம்மா மடியில படுத்திருக்கணும், பத்து பேர் சத்தத்துக்கு நடுவுல பாய்ல படுத்திருக்கக் கூடாது. நம்ம கம்பெனிங்க பீன் பேக், பிங்பாங் டேபிள் எல்லாம் வைக்குது, குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னா அப்பாவோ அம்மாவோ எடுக்கறதுக்கு தனியா நாலு நாள் லீவு வச்சா இந்த ஏரியால பாதி இன்ஃபெக்ஷன் குறையும்னு நான் நிஜமாவே நம்புறேன். இந்த ரூலால ரெண்டு குழந்தைங்களை அவங்க பேரன்ட்ஸ் டேகேர்ல இருந்து நிறுத்திட்டாங்க, அக்காவுக்கு ஃபீஸ் போச்சு, அப்பவும் மாத்தல. அவங்க மேல எனக்கு மரியாதை கூடினது அன்னிக்குத்தான்.

சாப்பாடு. காலை 11 மணிக்கு கேழ்வரகு கஞ்சி இல்லன்னா வேக வச்ச சுண்டல் மசிச்சு, மதியம் பருப்பு சாதம், காய், வாரத்துல மூணு நாள் முட்டை, ரெண்டு நாள் முருங்கைக்கீரை, சாயங்காலம் வாழைப்பழமோ கொய்யாவோ. பிஸ்கட், சிப்ஸ், ஜூஸ் பாக்கெட் பிறந்தநாளுக்கு கூட வாங்க மாட்டாங்க. உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, சொன்னதும் குறைச்சாங்க. பால் பாட்டிலை எடுத்து ஓரமா வச்சிட்டு முதல்ல சாப்பாடு ஊட்டறாங்க, இது எனக்கு ரொம்ப பிடிச்சது. ஃப்ளாட் வாழ்க்கைல குழந்தை சாப்பிடலன்னா உடனே பால், அதுவும் ஃபோன்ல ரைம்ஸ் ஓட விட்டு ஒரு பாட்டில், அடுத்து இன்னொன்னு. ஒரு வயசு தாண்டின குழந்தைக்கு அரை லிட்டருக்கு மேல பால் போனா வயிறு ரொம்பி சாப்பாடு இறங்காது, இரும்புச்சத்து குறைஞ்சுடும், பார்க்க கொழுகொழுன்னு இருக்கும் ஆனா ரத்தம் கம்மியா இருக்கும். 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல 5 வயசுக்கு உட்பட்ட குழந்தைங்கள்ல நூத்துக்கு 67 பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு, ஏழை வீட்டுப் பிரச்சனைன்னு நம்ம நினைச்சுக்கறோம், எங்க அபார்ட்மென்ட்லயே டாக்டர் எழுதிக் கொடுத்த அயர்ன் டிராப்ஸ் ஊத்தற வீடு எத்தனையோ இருக்கு.

டிவி கிடையாது. சுத்தமா கிடையாது. ரெண்டு வயசு வரைக்கும் ஸ்க்ரீன் காட்டவே வேணாம், அதுக்கப்புறம் 5 வயசு வரைக்கும் 1 மணி நேரத்துக்கு மேல வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லிடுச்சு, ஒரு வயசு தாண்டின குழந்தை ஒரு நாளைக்கு 3 மணி நேரமாவது ஓடி ஆடணும்னும் அதுலயே இருக்கு. 3 மணி நேரம்! நம்ம ஃப்ளாட்ல ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல எங்க ஓடும்? கீழ இறக்கினா கார் பார்க்கிங், பார்க்ல சாயங்காலம் நம்ம வரும்போது இருட்டு. அதனாலதான் இந்த வீட்டு முன்னாடி இருக்கற மண் தரைக்கு நான் இவ்வளவு மதிப்பு கொடுக்கறேன். காலையில 9ல இருந்து 10 வரைக்கும், சாயங்காலம் நாலரைக்கு மேல, பசங்க மண்ணுல உக்காந்து சொப்பு வச்சு விளையாடுறாங்க, வெயில் உடம்புல படுது, தூரத்துல பறக்கற காக்காவைப் பார்க்கறாங்க, கண்ணுக்கும் எலும்புக்கும் இது வேணும். பேச்சும் இப்ப நல்லா வருது. ஒன்றரை வயசு வரைக்கும் ரெண்டு மூணு வார்த்தைதான் பேசினான், இப்ப ஆயாம்மா மாதிரியே "அடேயப்பா"ன்னு சொல்றான், பக்கத்துல இருக்கற தெலுங்கு பையன்கிட்ட "ரா ரா"ங்கறான்.

காத்து விஷயத்துல அந்த அக்கா கையில ஒண்ணும் இல்ல. மாதவரம்ல இருந்து சிப்காட் வர்ற மெட்ரோ லைன் வேலை, லாரி, தூசி, பெருங்குடி குப்பைமேடு வேற. 2022 ஏப்ரல் கடைசில அது தீப்பிடிச்சு நாள்கணக்குல புகைஞ்சப்போ டேகேரை மூடிட்டாங்களாம், அப்போ இருந்த குழந்தைங்கள்ல சிலர் நெபுலைசரோடதான் திரும்ப வந்தாங்கன்னு சொன்னாங்க. புகை நாத்தம் வந்தா இப்பவும் வெளிய விடறதில்ல. வீசிங் இருக்கற குழந்தைன்னா டாக்டர் எழுதிக் கொடுத்த பேப்பரோட இன்ஹேலர் வச்சுக்கறாங்க, எப்படி கொடுக்கணும்னு ரெண்டு ஆயாம்மாக்கு தெரியும்.

தூக்கத்தைப் பத்தி சொல்லணும், நிறைய பேர் கேக்க மறக்கறது இதுதான். மதியம் 1 மணிக்கு படுக்க வச்சு மூணுக்குள்ள எழுப்பிடுவாங்க. சில டேகேர்ல ரூமை இருட்டாக்கி நாலு, நாலரை வரைக்கும் தூங்க விட்டுடுறாங்க, அவங்களுக்கு வேலை கம்மி, ஆனா அந்தக் குழந்தை ராத்திரி 12 வரைக்கும் முழிச்சிருக்கும், காலையில 7 மணிக்கு தூக்கத்துல தூக்கிட்டு வந்து வண்டியில வைப்பாங்க. ஒண்ணு ரெண்டு வயசுல மதிய தூக்கத்தையும் சேர்த்து 11ல இருந்து 14 மணி நேரம் தூங்கணும், நம்ம ராத்திரி எட்டு மணிக்கு வீடு வந்து சமைச்சு சாப்பிட்டு படுக்கற வாழ்க்கைல அது எங்க கிடைக்குது. டேகேர் இதுல பாதிதான் பண்ண முடியும், மீதி நம்ம வீட்ல ஒன்பது மணிக்கு லைட்டை அணைக்கறதுல இருக்கு.

எல்லாத்தையும் விட முக்கியம் ஆயாம்மாங்க. சிசிடிவி ஆப்ல லைவ் கிடையாது இங்க, ரெக்கார்டிங் மட்டும்தான், கேட்டா காட்டுவாங்க. லைவ் இருக்கற இடம்தான் சேஃப்னு நிறைய பேர் நினைக்கறாங்க, கேமரா குழந்தையை தூக்கிக்காது, கதவு எந்நேரமும் திறந்திருக்கான்னு பாருங்க. இங்க எப்ப வேணா போலாம், முன்கூட்டி ஃபோன் பண்ண வேணாம். பதினஞ்சு குழந்தைக்கு நாலு பேர் இருக்காங்க, அதுல மூணு பேர் வருஷக்கணக்கா அங்கயே இருக்கறவங்க. இது பெரிய விஷயம், ஏன்னா இந்த ஏரியால ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஆயா மாறுற டேகேர்தான் அதிகம், குழந்தை ஒரு முகத்தோட ஒட்டி வரும்போது அந்த முகம் காணாம போயிடும், அப்புறம் திரும்ப அழுகை, சாப்பாடு இறங்காது. போய் பார்க்கும்போது ஃபீஸ் என்னன்னு கேக்கறதோட ஆயாம்மாங்க எத்தனை வருஷமா இருக்காங்க, என்ன சம்பளம் கொடுக்கறீங்கன்னும் கேளுங்க. கூச்சப்படாதீங்க. நம்ம கட்டற ஃபீஸ் சுவர்ல ஒட்டற கார்ட்டூனுக்கு போகுதா, பிள்ளையை தூக்கற கைக்கு போகுதான்னு தெரிஞ்சுக்க வேற வழி இல்ல.

எங்க பையனை அதிகமா பார்த்துக்கறவங்க பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டுல இருந்து வராங்க. சிட்டிக்குள்ள ஆத்தோரமா இருந்த குடிசைங்களை எடுத்து இங்க கொண்டு வந்து வச்சாங்களே, அந்த குவார்ட்டர்ஸ்தான். அவங்களுக்கும் மூணு வயசுல ஒரு பொண்ணு இருக்கு. ஒரு நாள் பேச்சு வாக்குல "பாப்பாவ யாருக்கா பார்த்துக்கறாங்க"ன்னு கேட்டேன். "காலைல அங்கன்வாடில விட்டுடுவேன்மா, அது முடிஞ்சா பெரியவ ஸ்கூல் விட்டு வந்து பார்த்துக்குவா, அவ வர்ற வரைக்கும் பக்கத்து வீட்ல"ன்னாங்க. பெரியவ ஆறாவது படிக்கறா. அதுக்கு மேல என்னால பேச முடியல. எங்க பையன் மண்ணுல விளையாடறப்போ அவனை கண்ணு எடுக்காம பார்த்துக்கற அம்மாவோட பொண்ணு பக்கத்து வீட்டு வாசல்ல உக்காந்திருக்கு. அங்கன்வாடி திட்டம் 1975ல ஆரம்பிச்சது, தமிழ்நாட்டுல 54,000க்கு மேல சென்டர் இருக்கு, முட்டை, சத்துமாவு, தடுப்பூசி எல்லாத்துக்கும் அதுதான் நம்ம மாநிலத்தோட அடிப்படை, அதைக் குறைச்சு சொல்லவே மாட்டேன். ஆனா வீட்டு வேலை, ஆயா வேலை, கட்டட வேலைக்குப் போற அம்மாங்க திரும்பி வர்றது ராத்திரி 7, 8 மணிக்கு. பெரும்பாக்கம், செம்மஞ்சேரி மாதிரி இடத்துலயாவது சாயங்காலம் 7 மணி வரைக்கும் அங்கன்வாடி ஓடணும், அதுக்கு கூடுதல் ஆளும் சம்பளமும் கொடுக்கணும்.

அக்காகிட்ட நாங்க நாலஞ்சு பேரன்ட்ஸ் சேர்ந்து கேட்டோம், ஆயாம்மாங்க பிள்ளைங்களையும் இங்கேயே வச்சுக்கலாமே, ஃபீஸை கொஞ்சம் ஏத்திக்கோங்கன்னு. ஒரு சிலர் ஒத்துக்கல, "அந்த பசங்களோடயா"ன்னு ஒருத்தர் க்ரூப்லயே போட்டார், ரொம்ப வலிச்சுது. அக்கா யோசிச்சு இந்த ஜூன்ல இருந்து ரெண்டு குழந்தைங்களை சேர்த்துக்கிட்டாங்க, அந்த மூணு வயசு பொண்ணும் அதுல ஒண்ணு. ஃபீஸ் 500 ஏறிச்சு, சந்தோஷமா கட்டறேன்.

மத்த விவரம்: காலை 8ல இருந்து சாயங்காலம் 7, அதுக்கு மேல அரை மணிக்கு 150 ரூபா, கறாரா வாங்கறாங்க, அவங்களும் வீட்டுக்கு போகணும் இல்ல. மாசம் 10,000, சாப்பாட்டுக்கு தனியா 2,000. சனிக்கிழமை மதியம் வரைக்கும். ஆறு மாசத்துக்கு கீழ எடுக்கறதில்ல. குட்டி டாய்லெட் ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு வைக்கணும்னு சொல்லிட்டே இருக்கோம். தெரு குறுகல், கார் உள்ள போகாது. பெரிய மழைன்னா தெருவுல தண்ணி நிக்கும், நவம்பர்ல சில நாள் திடீர்னு லீவு விடுவாங்க, அதுக்கு ஒரு மாத்து ஏற்பாடு வச்சுக்கோங்க. குடிக்க கொதிக்க வச்ச தண்ணி, அப்பவும் நாங்க பாட்டில் கொடுத்து விடறோம்.

சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் நம்மளும் கூட உக்காரலாம், முதல் நாள் அரை மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டலாம்னு அவங்களே சொல்வாங்க, அதை ஆஃபீஸ் ஜாயின் பண்ற தேதிக்கு முன்னாடியே வச்சுக்கோங்க. தடுப்பூசி அட்டை கேப்பாங்க, 9 மாசத்துல போடற எம்.ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி விட்டுப் போயிருந்தா போட்டுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. இப்போதைக்கு ஒன்றரை வயசுக்கு மேல ரெண்டு சீட் இருக்குன்னு சொன்னாங்க, கைக்குழந்தை செக்ஷன் ஃபுல். சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி பக்கம் ஆஃபீஸ் இருக்கறவங்க கேளுங்க, லொகேஷன் தனியா அனுப்பறேன்.